சாயங்கால வண்டி

கீழைமங்கலத்து மடத்தில் ஞாயிறுதோறும் சித்தாந்த வகுப்பு நடக்கும். பாடம் சொல்கிறவர் மடத்துத் துறவி ஏகாம்பரத் தம்பிரான். கேட்கிறவர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளியூர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை நீண்டுபோனவர்கள். தம்பிரானுக்கு நாற்பதை ஒட்டிய வயது. தாடியில் முதல் நரை வந்தபோது, இனிமேலாவது நான் சொல்வதை நம்புவீர்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மரகதம் எப்போதும் முன்வரிசை. மகளிர் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். தவளையைக் கீறித் துடிக்கிற இதயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிய கை அது. புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. தம்பிரானிடம்தான் தீட்சை பெற்றிருந்தாள். தன் மகன் வயதுக்காரரின் காலில் விழுகிறோமே என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்த ஞாயிறு உடம்பும் மனமும் உயிரும் பாடம். உடம்பு ஒரு கருவி, மனமும் ஒரு கருவிதான், இவற்றை வைத்துக்கொண்டு அறிகிறது உயிர் என்று தம்பிரான் விளக்கினார். மூன்றும் ஒன்றாகவே புழங்குவதால் எது எது என்று நமக்குப் பிரித்துச் சொல்ல வருவதில்லை என்றார்.

பின்வரிசையிலிருந்து ரத்தினவேலு எழுந்தார். மின்வாரியத்தில் இருந்தவர், வாய்த்துடுக்கு.

"எங்க வீட்ல அது தெளிவாத் தெரியும் சாமி. உடம்பு ஒரு வடை போதும்னுச்சு. மனசு இன்னொண்ணு வேணும்னுச்சு. உயிரைக் கேக்கறதுக்குள்ள வீட்டுக்காரி தட்டை எடுத்துட்டுப் போயிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிரானும் சிரித்தார். மரகதம் மட்டும் மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி இருந்தாள். இடது தோளில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பு அதை முழுக்க மறைக்கவில்லை.

வகுப்பு கலைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் தம்பிரான்.

"மனசு ஒரு கருவின்னீங்க. கருவி உடைஞ்சு போச்சுன்னா, அதை வச்சிருந்தவர் அங்கே இருக்காரா, போயிட்டாரா?"

"யாருக்கு உடைஞ்சிருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

தம்பிரானுக்குத் தெரிந்த விஷயம்தான். ஊருக்கே தெரியும். வைத்தியலிங்கம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மறதி முதலில் சாவியில் தொடங்கி, பிறகு கிழமைகளுக்குப் போய், பேரப்பிள்ளைகளுக்குப் போய், இப்போது மரகதத்தின் முகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அவள் அதைச் சொன்னாள். பாடம் எடுப்பது போல ஒழுங்காகச் சொன்னாள். அவர் தன்னைத் தாதி என்று நினைத்துக்கொண்டிருப்பதை. குளிப்பாட்டப் போனால் யாரோ ஒரு பொம்பளை வேட்டியை உருவுகிறாள் என்று பயந்து தள்ளிவிடுவதை. அப்படித் தள்ளியதில்தான் தோள் பிசகியது. கோயம்புத்தூரிலிருந்து மகன் மணிவாசகன் வெள்ளிக்கிழமை காரோடு வருகிறான். அங்கே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வைத்திருக்கிறான். அப்பா அங்கே, அம்மா தன் வீட்டில். சரியா, இல்லையா, சொல் என்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

"எங்கிட்ட என்ன கேக்கணும்?"

"அவர் அங்கே இல்லைன்னு நீங்க சொல்லணும், சாமி." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "உடம்பு அவர் இல்லை. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. மனசும் அவர் இல்லை. அதையும் சொல்லிக் குடுத்தீங்க. இப்ப அந்த வீட்ல இருக்கறது வெறும் உடம்பு. அதை எங்கே வச்சாலும் ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் அழாம அனுப்பி வச்சுடுவேன்."

தம்பிரான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோயில் வரைக்கும் நடப்போமா?" என்றார்.

மடத்தை ஒட்டியே சிவன் கோயில். அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது. விமானத்தைச் சுற்றி சவுக்குச் சாரம் கட்டி, மேலே ஆள்கள் உளியோடு உட்கார்ந்திருந்தார்கள். திருப்பணி தொடங்கும் முன் மூலவரின் சக்தியை மந்திரத்தால் ஒரு நீர்க்குடத்துக்கு இறக்கி, குடத்திலிருந்து அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றியிருந்தார்கள். பாலாலயம் என்று அதற்குப் பெயர். பிரகாரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, பலகையை அதில் வைத்து, வேளை தவறாமல் பூசை நடந்தது. ஊர் சனம் முழுக்க கொட்டகைக்குத்தான் வந்து கும்பிட்டுப் போனது. அன்றும் அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது. தீபாராதனை நேரம்.

தம்பிரான் கொட்டகையில் நின்று வணங்கினார். விபூதி வாங்கிக்கொண்டார். பிறகு அதைக் கடந்து உள்ளே போனார். மரகதம் பின்னால் போனாள்.

கருவறை வாசலில் மூங்கில் தட்டி மறைத்திருந்தது. தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள். விளக்கு இல்லை. தட்டியின் இடுக்கு வழியே பார்த்தால் சாக்குப் போர்த்திய ஓர் உருவம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் யாரோ சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

தம்பிரான் அந்தத் தூசியில் நின்று கைகூப்பினார். கண்ணை மூடி, வெளியே கொட்டகையில் நின்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார்.

"சாமி, இங்கே ஒண்ணும் இல்லையே" என்றாள் மரகதம்.

"இல்லை."

"எல்லாத்தையும் குடத்துக்கு மாத்தியாச்சே."

"ஆமாம். மாத்தும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்புறம் என்ன கும்பிடறீங்க?"

தம்பிரான் கண்ணைத் திறந்தார்.

"ரொம்ப வருஷம் இருந்த இடம்" என்றார்.

மரகதத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் உதடு ஒரு கோடாக மெலிந்துவிடும்.

"இது பாசம், சாமி. என் கேள்விக்குப் பதில் இல்லை."

"பதில்னு நான் சொல்லலியே" என்றார் அவர். சாந்தமாகத்தான் சொன்னார். வெளிப்பிரகாரத்துக்கு வந்ததும் கேட்டார்: "நாள் பூரா என்ன பேசுவார்?"

"ஒண்ணேதான். மரகதம் எங்கேன்னு கேப்பார்."

தம்பிரான் நின்றார்.

"உங்ககிட்டயா?"

"எங்கிட்டதான்." அவள் சிரிக்க முயன்றாள். "வேலை பார்த்த காலத்துல நான் பக்கத்து ஊர் காலேஜுக்கு ரயில்ல போய்வருவேன். சாயங்கால பாசஞ்சர்ல திரும்பி வரும்போது அவர் பிளாட்பாரத்துல கொடியோட நிப்பார். அந்த நினைப்பு போகலை. வெயில் சாஞ்சா போதும், வாசல்ல போய் உக்காந்துப்பார். வண்டி வந்தாச்சா, மரகதம் எங்கேம்பார். அப்புறம் என்னைப் பார்த்து, 'நீங்க கிளம்புங்கம்மா, வீட்டுக்காரி வர்ற நேரம், தப்பா நினைச்சுக்குவா'ம்பார்."

கொட்டகையில் மணி ஓய்ந்தது.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"முதல்ல நான்தான் மரகதம்னேன். பொய் சொல்றேன்னு கத்தினார். அப்புறம் கடைக்குப் போயிருக்கான்னு சொல்லிப் பார்த்தேன். உடனே தேடிக்கிட்டுத் தெருவுல இறங்கிட்டார்."

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் சொல்றதில்லை. பேசறதையே விட்டுட்டேன். இல்லாதவர்கிட்ட என்ன பேசறது? சாதம் வைப்பேன், துடைப்பேன், மாத்திரை குடுப்பேன். செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி."

தம்பிரான் கோபுர வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, நாளைக்கு உங்கள் வீட்டில் அமுது செய்யலாமா என்று கேட்டார். அடியார்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது அங்கே வழக்கம்தான். ஆனால் தம்பிரான் தானாகக் கேட்டு அவள் பார்த்ததில்லை. வாங்க சாமி என்றாள்.

மறுநாள் உச்சிவேளையில் தம்பிரான் வந்தபோது வைத்தியலிங்கம் வாசல் நிலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெடுநெடுவென்ற உடம்பு, சவரம் செய்த முகம், சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. காவியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சாமியாரா இருந்தாலும் டிக்கெட் எடுக்கணும்."

"எடுத்திருக்கேன் ஐயா."

"எதுவரைக்கும்?"

"இந்த ஊர்தான். இங்கேதான் இறங்கணும்."

"அப்ப சரி. கேட் வழியாப் போங்க. தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது."

"தாண்டலை" என்று தம்பிரான் நிலைப்படியைப் பார்த்துக் கால் வைத்து உள்ளே வந்தார்.

மரகதம் அவர் பாதங்களைக் கழுவினாள். கூடத்தில் இலை போட்டாள். பக்கத்தில் வைத்தியலிங்கத்துக்கும் ஓர் இலை போடச் சொன்னார் தம்பிரான். அவர் சரியாகச் சாப்பிட மாட்டார், சாமி, சிந்துவார் என்று அவள் தயங்கினாள். நானும் சிந்துவேன் என்றார்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மரகதம் பரிமாறினாள். வாயைத் திறக்காமல் பரிமாறினாள். அது அவளுக்கு எவ்வளவு பழகிவிட்டது என்று அன்றைக்கு வேறொரு ஆள் பார்க்கும்போதுதான் தெரிந்தது. வத்தக்குழம்பு ஊற்ற வந்தபோது வைத்தியலிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்து, போதும்மா, உங்களுக்கு ரொம்ப சிரமம் என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். ரசத்துக்காக அடுக்களைக்குப் போனாள்.

அங்கிருந்தே பேச்சு கேட்டது.

"யாருக்கு ஐயா காத்திருக்கீங்க?"

"வீட்டுக்காரிக்கு. மரகதம்னு பேர். காலேஜ்ல வேலை. பாசஞ்சர்ல வருவா."

"நான் போற வழியில பார்த்தா சொல்றேன். எப்படி இருப்பாங்க?"

பேச்சு நின்றது. ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்த மரகதம் கையை எடுக்காமல் நின்றாள்.

"முகம்..." என்றார் வைத்தியலிங்கம். "முகம் வரமாட்டேங்குது."

"பரவாயில்லை. வேற எதாவது?"

"பை வச்சிருப்பா. காக்கித் துணிப் பை. பிள்ளைங்க நோட்டெல்லாம் அதுல இருக்கும், நல்ல கனம். படியிலேர்ந்து இறங்கறதுக்கு முன்னாலயே பையை நீட்டிடுவா. நான் கொடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வாங்கிக்குவேன். எந்த ஸ்டேஷன் மாஸ்டர் பொண்டாட்டி பையைத் தூக்குவான்? போர்ட்டருங்க சிரிப்பானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

"தினமுமா?"

"கோபமா இருந்தா மட்டும் தரமாட்டா. அவளே தூக்கிக்கிட்டு முன்னால நடப்பா. வாயே திறக்கமாட்டா. பெரிய கோபக்காரி, சாமி. அன்னைக்கெல்லாம் நான் பின்னாலயே போவேன்."

"போயி?"

"பையைக் குடு மரகதம், பையைக் குடு மரகதம்னு கேட்டுக்கிட்டே போவேன். வேற என்ன செய்யறது? அவ பேசலைன்னா நான்தானே பேசணும்."

ரசம் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது மரகதம் முகம் கழுவியிருந்தாள்.

சாப்பாடு முடிந்து தம்பிரான் கிளம்பினார். அதற்குள் வைத்தியலிங்கம் வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்து தூங்கிப்போயிருந்தார். மரகதம் தெருவோரம் வரை வந்தாள். வந்ததும் மெல்லிய குரலில், ஆனால் சண்டை பிடிக்கிற மாதிரிதான் பேசினாள்.

இதையெல்லாம் என்னைக் கேட்கவைக்கத்தான் வந்தீர்களா என்றாள். இது ஒன்றும் பெரிய அதிசயமில்லை, மூளையில் பழகின தடம் கடைசிவரை அழியாது, எலிக்குக்கூட அப்படித்தான், ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்றாள். கூண்டை மாற்றி வைத்த பிறகும் தீனி இருந்த பக்கத்துக்கே ஓடுமாம்.

"இருக்கலாம்மா" என்றார் தம்பிரான்.

"அப்ப அது உயிர்னு சொல்லாதீங்க."

"நான் எங்கே சொன்னேன்?"

"பின்னே என்னதான் சொல்றீங்க? வெள்ளிக்கிழமை கார் வருது. அனுப்பட்டுமா, வேண்டாமா?"

"அனுப்புங்க."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"உங்க தோளும் ஒரு உடம்புதான். தனியா ஒருத்தர் தூக்கற சுமை இல்லை இது. அனுப்புங்க. அதுல எந்தத் தப்பும் இல்லை." தம்பிரான் திரும்பி, நாற்காலியில் ஒருபக்கம் சாய்ந்திருந்த தலையைப் பார்த்தார். "ஆனா ஒருத்தரை அனுப்பறதுக்கு, அவர் இல்லைன்னு முடிவு கட்ட வேண்டியதில்லைம்மா. அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. நான் சொல்லமாட்டேன்."

மரகதம் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கார்னாவது சொல்லுங்களேன்."

"அதுவும் எனக்குத் தெரியாது. ஒண்ணுதான் பிடிபடலை." அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "முகமே மறந்துபோச்சு. அப்புறம் யாரைத்தான் தேடறார்?"

பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

அன்று சாயங்காலம் வெயில் சாய்ந்தது. தண்டவாளம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் எங்குமில்லை. இருந்தாலும் வைத்தியலிங்கம் காதை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு, குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த பெண்மணியைப் பார்த்தார்.

"வண்டி வந்தாச்சாம்மா? மரகதம் எங்கே?"

மரகதம் திரியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வண்டி லேட்டு" என்றாள். "வந்துடும்."

"கிராசிங்கா இருக்கும்" என்றார் அவர், நிம்மதியாக. "நீங்களும் யாருக்காவது காத்திருக்கீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நின்னுக்கிட்டே இருக்காதீங்க. உக்காருங்க." எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் காட்டினார்.

அவள் அதில் உட்காரவில்லை. உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். இருட்டும் வரை இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை இந்த வருஷம் பிந்திவிட்டது என்று பேசினார்கள். பால்காரன் தண்ணீர் கலப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை மணிவாசகன் வந்தான். அம்மா ஏதாவது மறுத்துச் சொல்வாள் என்று தயாராக வந்தவன். அவள் ஒன்றும் மறுக்கவில்லை. அந்த இல்லத்தில் வாசலில் பெஞ்சு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. போன் போட்டு விசாரித்து, மரத்தடியில் ஒன்று இருக்கிறதாம் என்றான். கிளம்புவதற்கு முன் அவள் அவனைப் பரணில் ஏறச் சொல்லி எதையோ தேடவைத்தாள். அடியில் நசுங்கிக் கிடந்த பழைய காக்கித் துணிப் பை ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான். பிடி ஒருபக்கம் பிய்ந்திருந்தது. காரிலேயே அதைத் தைத்துக்கொண்டு போனாள்.

குடமுழுக்கு பங்குனியில் நடந்தது. மரகதம் முதல்நாளே பஸ் பிடித்துக் கீழைமங்கலம் வந்து ரத்தினவேலு வீட்டில் தங்கினாள். தோள் தேறியிருந்தது. நீர்க்குடங்கள் சாரத்தில் ஏறியதையும், மேலே நீர் வார்த்ததையும், ஊரே அண்ணாந்து கைகூப்பியதையும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பார்த்தாள். அவள் மேலும் சில துளி விழுந்தது. ரத்தினவேலு மேல் ஒன்றும் விழவில்லை. அம்மாவுக்குத்தான் கொடுப்பினை, நமக்கு வடைக்குத்தான் கொடுப்பினை என்று சொல்லிக்கொண்டு அன்னதானப் பந்தலுக்குப் போனார்.

கூட்டம் வடிந்த பிறகு உள்ளே போனாள். தட்டி இல்லை. சாக்கு இல்லை. எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் லிங்கம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. தம்பிரான் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். பிரசாதத் தட்டு கையில் இருந்தது.

"வாங்கம்மா. எப்ப திரும்பிப் போகணும்?"

"இப்பவே சாமி. சாயங்காலத்துக்குள்ள போயிடமுடியாது. நேத்தும் இன்னைக்கும் மகனை அவர்கிட்டப் போகச் சொல்லியிருக்கேன்."

"தினமும் போறீங்களா?"

"தினமும். மகன் வீட்டுலேர்ந்து டவுன் பஸ். நான் போய்ச் சேரும்போது வெயில் சாஞ்சிருக்கும். அவர் மரத்தடி பெஞ்சுல உக்காந்திருப்பார். பஸ் நிக்கறது அங்கேர்ந்து தெரியும்."

"உங்களைத் தெரியுதா?"

"இல்லை. இன்னும் தாதின்னுதான் நினைக்கிறார். இல்லேன்னா யாரோ பிரயாணின்னு. மரகதம் இந்த வண்டியில வரலியான்னு எங்கிட்டயே விசாரிப்பார்."

"என்ன சொல்வீங்க?"

"வந்துடுவாங்கன்னு சொல்வேன். அப்புறம் இருட்டற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

தம்பிரான் தலையசைத்தார். அவள் இன்னும் நகரவில்லை. தோளில் மாட்டியிருந்த காக்கிப் பையின் பிடியை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் புரியலை சாமி. யாருன்னே தெரியாம, நான் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றதைப் பார்த்ததும் எழுந்து வர்றார். கையை நீட்டறார். 'குடுங்க, கனமா இருக்கும்'ங்கறார். பைக்குள்ள ஒண்ணுமே இருக்கறதில்லை. ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில். அதைப் போய்..."

"நீங்க என்ன செய்வீங்க?"

"குடுத்துடுவேன்."

உள்ளே விளக்கு சற்றே அசைந்து நிமிர்ந்தது. தம்பிரான் பிரசாதத் தட்டிலிருந்து முழுத் தேங்காய் ஒன்றை எடுத்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்தார். அவள் தோளிலிருந்த பையைத் திறக்கச் சொல்லி, இரண்டையும் அதற்குள் வைத்தார்.

"நாளைக்குப் போகும்போது இதுவும் இருக்கட்டும்மா" என்றார். "கொஞ்சம் கனமா இருக்கட்டும்."